கடலில் போன மூன்று வருஷத்தை ரெஸ்யூமில் எப்படி எழுதுவது?

பாம்பனிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்:

“எனக்கு வயது 24. 2022-இல் டிப்ளமோ மெக்கானிக்கல் முடித்தேன். அப்பாவுக்கு இடுப்பு வலி அதிகமாகிவிட்டதால், முடித்த கையோடு எங்கள் விசைப்படகில் போக ஆரம்பித்தேன். மூன்று வருஷம் ஓடிவிட்டது. இப்போது தம்பி படகைப் பார்த்துக்கொள்கிறேன் என்கிறான். நான் கம்பெனி வேலைக்குப் போகலாம் என்று அறுபது இடத்துக்கு மேல் ரெஸ்யூம் அனுப்பினேன். ஒரு போன்கூட வரவில்லை. மூன்று வருஷ இடைவெளிதான் காரணம் என்கிறார்கள். எங்காவது வேலை பார்த்ததாக ஒரு சர்டிபிகேட் வாங்கிச் சேர்த்துவிடலாமா? இதற்கிடையில் ஒரு ஏஜென்ட், வளைகுடாவில் மெக்கானிக் வேலை இருக்கிறது, ஒன்றரை லட்சம் கட்டச் சொல்கிறார். என்ன செய்யட்டும் சார்?”

தம்பி, முதலில் அந்த சர்டிபிகேட் யோசனையை விட்டுவிடுங்கள். ஓரளவு பெரிய கம்பெனிகள் ஆள் எடுத்த பிறகு பின்னணி விசாரிக்கின்றன. முன்பு வேலை பார்த்த இடத்தில் உங்கள் பெயரில் பி.எஃப். கட்டியிருக்கிறார்களா என்று பார்த்தாலே உண்மை தெரிந்துவிடும். சேர்ந்து ஆறு மாதம் கழித்துத் தெரிந்தாலும் வெளியே அனுப்பிவிடுவார்கள். ஆள் எடுக்கும் மேஜையின் அந்தப் பக்கம் பல வருஷம் உட்கார்ந்தவன் நான். நல்ல பையன்கள் இந்த ஒரு தாளால் கெட்டதைப் பார்த்திருக்கிறேன்.

அதைவிட, உங்களுக்குப் பொய்யே தேவையில்லை. நீங்கள் அனுப்பிய ரெஸ்யூமில் 2022-க்குப் பிறகு வெற்றிடம். அதன் கீழே “கடின உழைப்பாளி, நேர்மையானவன், குழுவாக வேலை செய்வேன்” என்று மூன்று வரி. அப்புறம் பொழுதுபோக்கு: கிரிக்கெட், பாட்டு கேட்பது. இதைப் படிக்கிறவருக்கு நீங்கள் மூன்று வருஷம் வீட்டில் இருந்ததாகத்தான் தோன்றும். அதனால்தான் உங்களுக்கு போன் போட்டேன். நடுக்கடலில் என்ஜின் நின்றுபோனால் என்ன செய்வீர்கள் என்று கேட்டதற்கு நீங்கள் சொன்ன பதிலை அப்படியே குறித்து வைத்திருக்கிறேன்: “டீசல்ல தண்ணி கலந்திருக்கும் சார். ஃபில்டரைக் கழத்தி வடிச்சிட்டு, இன்ஜெக்டர் பைப் நட்டை லேசா லூஸ் பண்ணி ஏர் எடுப்போம். அப்பயும் பிடிக்கலைன்னாதான் வேற பார்க்கணும்.”

ஜெனரேட்டர் சர்வீஸ் கம்பெனி ஒன்று ஆளைக் கூப்பிட்டு உட்காரவைத்துக் கேட்கிற கேள்வியும் இதுதான், எதிர்பார்க்கிற பதிலும் இதுதான். படிப்பில் மட்டும் டீசல் என்ஜின் பார்த்த பையன் இதற்குத் திணறுவான். நீங்கள் கரை கண்ணுக்குத் தெரியாத இடத்தில், பக்கத்தில் மெக்கானிக் இல்லாமல் செய்திருக்கிறீர்கள். அதை ஒரு வரிகூட எழுதவில்லையே!

இடைவெளி இருந்த இடத்தில் இப்படிப் போடுங்கள். தமிழில் எழுதிப் பார்த்துவிட்டுப் பிறகு எளிய ஆங்கிலத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

“டீசல் என்ஜின் பராமரிப்பு – குடும்ப விசைப்படகு, பாம்பன். 2022 முதல்.
ஆறு சிலிண்டர் டீசல் என்ஜினில் ஆயில், ஃபில்டர் மாற்றுவது, ஏர் எடுப்பது, கூலிங் பம்ப் இம்பெல்லர் மாற்றுவது ஆகியவற்றைத் தனியாகச் செய்கிறேன்.
2023, 2024, 2025 மீன்பிடித் தடைக்காலங்களில் மெக்கானிக்குடன் சேர்ந்து என்ஜினை இறக்கிப் பிரித்து, தேய்ந்த பாகங்களை மாற்றி, தடை முடியுமுன் படகைத் தயார் செய்தோம்.
டீசல், ஐஸ், உதிரிபாகச் செலவுக் கணக்கு எழுதுகிறேன்.”

இரண்டாவது வரியில் ‘தனியாக’, மூன்றாவதில் ‘மெக்கானிக்குடன் சேர்ந்து’ என்று இருப்பதைக் கவனியுங்கள். எதைத் தானாகச் செய்தீர்கள், எதில் கூட நின்றீர்கள் என்று பிரித்துச் சொன்னால் படிக்கிறவருக்கு நம்பிக்கை வரும். நேர்காணலில் நோண்டிக் கேட்டாலும் தடுமாற மாட்டீர்கள்.

தடைக்காலத்தைத் தனியாகக் குறிப்பிடச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். அதற்குள் படகைக் கரையேற்றி, மரவேலை, பெயின்ட், என்ஜின் எல்லாம் முடித்து இறக்கியாக வேண்டும். ஒரு நாள் தள்ளினால் ஒரு நாள் வருமானம் போச்சு. தொழிற்சாலையில் இதற்கு ‘ஷட்டவுன் மெயின்டெனன்ஸ்’ என்று பெயர்: உற்பத்தியை நிறுத்தி, குறித்த நாளுக்குள் இயந்திரங்களைச் சரிசெய்து மறுபடி ஓட்டுவது. சென்னையிலோ ஓசூரிலோ உட்கார்ந்திருக்கும் மேலாளருக்கு நம்ம ஊர்த் தடைக்காலம் தெரியாது. அவருக்குத் தெரிந்த சொல்லில் ஒரு வரி விளக்குவது உங்கள் பொறுப்பு.

தேதியும் பாகங்களின் பெயரும் ஞாபகம் இல்லை என்றீர்கள். உங்கள் வீட்டில் படகுக் கணக்கு நோட்டு இருக்கும். எந்த மாதம் என்ன பார்ட்ஸ் வாங்கினோம், எவ்வளவு ஆயில் பிடித்தோம், மெக்கானிக்குக் கூலி எவ்வளவு என்று அப்பா எழுதி வைத்திருப்பார். ஒரு சாயங்காலம் அவரோடு உட்கார்ந்து மூன்று வருஷத்தையும் புரட்டுங்கள். உங்கள் ரெஸ்யூமின் பாதி அந்த நோட்டில் இருக்கிறது.

மற்றவை சின்ன விஷயங்கள். ஒரு பக்கம் போதும். அப்பா பெயர், மதம், சாதி, ஆதார் எண் எதுவும் வேண்டாம். ஆதார் எண் ஊரெல்லாம் சுற்றுவது ஆபத்தும்கூட. கட்டம் போட்டு, இரண்டு பத்தியாகப் பிரித்து, கலர் அடித்த டிசைன் வேண்டாம். பல கம்பெனிகளில் முதலில் மென்பொருள்தான் படிக்கிறது. கட்டத்துக்குள் இருப்பதை அது தப்பாகப் படித்துவிடலாம். பிடிஎஃப் ஆக, உங்கள் பெயரிலேயே சேமித்து அனுப்புங்கள்.

அறுபது இடத்துக்கும் ஒரே ரெஸ்யூம் போனதுதான் இன்னொரு தப்பு. அதில் விற்பனைப் பிரதிநிதி வேலையும் இருந்தது, டிசைன் வேலையும் இருந்தது. அறுபதை விட்டுவிட்டுப் பன்னிரண்டு இடத்தைத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொரு விளம்பரத்தையும் பேனாவோடு படியுங்கள். ‘பிரிவென்டிவ் மெயின்டெனன்ஸ்’ என்று கேட்கிறார்களா? ஓடிய மணிக்கணக்குப் பார்த்து ஆயில் மாற்றுகிறீர்களே, அதுதான் அது. அந்தச் சொல்லையே உங்கள் வரியில் போடுங்கள். நீங்கள் செய்யாத வேலையைக் கேட்டிருந்தால் அந்த வரியைத் தொடாதீர்கள்.

எங்கே தேடுவது? கையெட்டும் தூரத்தில் தொடங்குங்கள். மண்டபத்திலிருந்து தொண்டி வரை ஐஸ் பிளான்ட், மீன் பதப்படுத்தும் ஆலை, இறால் பண்ணை, குஞ்சு பொரிப்பகம் என்று இருக்கின்றன. இறால் குளத்தில் காற்று ஊட்டும் இயந்திரம் ராத்திரி நின்றால் விடியும்போது இறால் செத்து மிதக்கும். அதனால் ஜெனரேட்டர் தெரிந்த ஆள் அவர்களுக்கு அவசியம். உங்கள் என்ஜினுக்கு உதிரிபாகம் வாங்கும் கடைக்காரரையும், தடைக்காலத்தில் வரும் மெக்கானிக்கையும் கேளுங்கள். ராமநாதபுரம், மதுரை, தூத்துக்குடியில் எந்த டீலரிடம் சர்வீஸ் ஆள் குறைவு என்று அவர்களுக்குத்தான் தெரியும். விளம்பரத்துக்கு வருமுன்பே நிரம்பிவிடும் இடங்கள் அவை. உங்கள் வேலையைக் கண்ணால் பார்த்தவர் சொல்லும் ஒரு வார்த்தைக்கு அங்கே நல்ல மதிப்பு.

அப்புறம் தமிழ்நாடு அரசின் தனியார் துறை வேலை இணையதளம். பதிவு இலவசம். ராமநாதபுரம் மாவட்ட வேலைவாய்ப்பு மற்றும் தொழில்நெறி வழிகாட்டும் மையம் நடத்தும் முகாம்களுக்கும் போங்கள். போகும்போது ரெஸ்யூம் பத்துப் பிரதி கையில் இருக்கட்டும். வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவை மூன்று வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க மறக்காதீர்கள். ஆனால் பதிந்துவிட்டு நேர்காணலுக்குக் கூப்பிடும் கார்டு வரும் என்று காத்திருக்காதீர்கள். டிப்ளமோ முடித்தவர்களுக்கு ஒன்றிய அரசின் ‘நாட்ஸ்’ தொழில்பழகுநர் திட்டம் இருக்கிறது: ஒரு வருஷம் உதவித்தொகையோடு கம்பெனியில் பயிற்சி. படித்து முடித்து வருஷம் கூடக்கூட அங்கே வாய்ப்பு குறையும். உங்களுக்கு மூன்று வருஷம் ஆகிவிட்டது, இந்த வாரமே பதிந்துவிடுங்கள்.

இனி ஏஜென்ட். 1983-ஆம் ஆண்டு குடிபெயர்வுச் சட்டப்படி வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கிறவர் ஒன்றிய அரசிடம் உரிமம் வாங்கியிருக்க வேண்டும். உங்களிடம் அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான், அதுவும் ரசீதோடு. ஒன்றரை லட்சம் என்று அவர் வாயைத் திறந்தபோதே விஷயம் தெரிந்துவிட்டது. ஒன்றிய அரசின் ‘இ-மைக்ரேட்’ இணையதளத்தில் உரிமம் பெற்ற ஏஜென்ட் பட்டியல் இருக்கிறது. அதில் அவர் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். “இப்போதைக்கு விசிட் விசாவில் போ, அங்கே போய் மாற்றிக்கலாம்” என்று சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். விசிட் விசாவில் வேலை பார்ப்பது அங்கே குற்றம். மாட்டினால் அனுபவிக்கிறது நீங்கள், அவர் இல்லை. கம்போடியா, மியான்மர் பக்கம் டேட்டா என்ட்ரி வேலை என்று கூட்டிப்போய் ஆன்லைன் மோசடிக் கூடங்களில் அடைத்துவைத்த கொடுமையில் தமிழ்நாட்டுப் பையன்களும் சிக்கினார்கள். வளைகுடாதான் வேண்டுமென்றால் தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் 1978-லிருந்து இயங்குகிறது. அதன் அறிவிப்புகளைப் பாருங்கள்.

கடைசியாக ஒன்று. நான் உங்களைக் கூப்பிட்ட முதல் இரண்டு முறையும் ‘தொடர்பு எல்லைக்கு வெளியே’ என்று வந்தது. கடலில் இருந்திருக்கிறீர்கள். ஆள் எடுக்கிறவர் காலை பதினொரு மணிக்கு ஒரு தடவை அடிப்பார். எடுக்கவில்லை என்றால் பட்டியலில் அடுத்த பெயருக்குப் போய்விடுவார். வேலை கிடைக்கும்வரை ரெஸ்யூமில் உங்கள் எண்ணுக்குக் கீழே அக்கா எண்ணையும் போடுங்கள். யார் கூப்பிட்டாலும் கம்பெனி பெயர், பேசியவர் பெயர், திரும்பக் கூப்பிட வேண்டிய நேரம் மூன்றையும் எழுதி வைக்கச் சொல்லுங்கள். கரை வந்து சிக்னல் கிடைத்ததும் மீனை இறக்குமுன் அந்த எண்ணைக் கூப்பிட்டுவிடுங்கள்.