இரண்டாவது சுற்றிலேயே மூச்சு முட்டுவது ஏன்?

கேள்வி: என் மகனுக்கு 21 வயது. இரண்டாம் நிலைக் காவலர் தேர்வுக்காக 1500 மீட்டரை 7 நிமிடத்தில் ஓடிப் பழகுகிறான். இரண்டாவது சுற்றிலேயே மூச்சு முட்டி, தொடை கல் மாதிரி ஆகிவிடுகிறது. ஸ்டாமினா இல்லை என்று சொல்லிப் பயிற்சி மையத்தில் புரோட்டீன் பவுடரும் ஊசியும் வாங்கச் சொல்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: வேண்டாம் அம்மா. முதல் சுற்றைத் தம்பி எத்தனை நொடியில் ஓடுகிறார் என்று பாருங்கள். 400 மீட்டர் சுற்றுக்கு 1 நிமிடம் 52 நொடி போதும். பல பையன்கள் கூட்டத்தோடு பாய்ந்து 80 நொடியிலேயே முடித்துவிடுகிறார்கள். கோளாறு அங்கேதான்.

ஓட்டத்துக்கு வேண்டிய ஆக்சிஜன் எடுத்த எடுப்பில் தசைக்கு வந்து சேராது. இதயமும் நுரையீரலும் வேகம் பிடிக்க இரண்டு மூன்று நிமிடம் ஆகும். அதுவரை தசை, கைவசம் உள்ள சர்க்கரையை ஆக்சிஜன் இல்லாமலே உடைத்துச் சமாளிக்கும். பாய்ந்து ஓடினால் இந்தக் கடன் ஏறும், தசையில் அமிலத்தன்மை கூடும், தொடை கனக்கும். வாரத்தில் மூன்று நாள், பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகத்தில் அரை மணி நேரம் ஓடட்டும். இன்னொரு நாள் மட்டும் 1 நிமிடம் 50 நொடிக் கணக்கில் நான்கு சுற்று, நடுநடுவே நடை. சில வாரங்களில் இதயம் ஒவ்வொரு துடிப்புக்கும் கூடுதல் ரத்தம் அனுப்பப் பழகிவிடும்.

பவுடர் விஷயத்துக்கு வருகிறேன். புரதம் தசையைப் பழுதுபார்க்கும், மூச்சைக் கூட்டாது. ஒரு முட்டையில் 6 கிராம் இருக்கிறது. சுண்டலிலும் பருப்பிலும் மீதி கிடைக்கும். ஊசி அதைவிட மோசம். லேபிள் கிழித்த குப்பியோடு என்னிடம் வந்த பையன்கள் உண்டு. ஸ்டீராய்டாக இருந்தால் உடம்பு தானே சுரக்கும் ஆண் ஹார்மோனை நிறுத்திவிடும், இதயத் தசையும் தடிக்கும். என்ன மருந்து என்று எழுதித் தராதவரிடம் ஒரு பைசா கொடுக்காதீர்கள். பள்ளியில் விளையாட்டுப் பீரியடைக் கணக்கு வாத்தியாருக்குக் கொடுத்துவிட்டு, இருபது வயதில் திடீரென்று 7 நிமிடம் கேட்கிறோம். இந்த வியாபாரிகள் பிழைக்க வேறென்ன வேண்டும்?

ஒன்றை மட்டும் அலட்சியப்படுத்தாதீர்கள். ஓடி முடித்துச் சட்டென்று நின்றதும் தலைசுற்றினால் பெரும்பாலும் பயமில்லை. ரத்தம் காலில் தங்குவதால் வருவது, இரண்டு நிமிடம் நடந்தால் சரியாகும். ஓடிக்கொண்டிருக்கும்போதே மயங்கி விழுந்தால் கதை வேறு. எழுந்து நன்றாகப் பேசினாலும் சரி, அடுத்த நாள் தேர்வே இருந்தாலும் சரி, மீண்டும் ஓட விடாதீர்கள். குடும்பத்தில் யாராவது இளவயதில் திடீரென்று இறந்திருந்தால், மயக்கம் வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். முதலில் இதயத்தைச் சோதிக்கும் இசிஜி, எக்கோ (ஸ்கேன்) இரண்டும் எடுத்துவிடுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலேயே எடுக்கலாம்.