கோலாவுக்கு உறவான வயல் மீன் – கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய ஐயா,

நெல்வயல்களிலும் கழிமுகங்களிலும் வாழும் ஒரு சிறுமீன் கோலாவுக்கும் முரலுக்கும் உறவு என்று சென்ற கட்டுரையில் எழுதியிருந்தீர்கள். மாதவரத்தில் எங்கள் வீட்டருகே உள்ள கால்வாயிலிருந்து என் மகன் பாட்டிலில் பிடித்துவந்த மீன்களில் மூன்று வகை இருந்தன: நெற்றியில் வெள்ளிப் பொட்டுடையது ஒன்று, முள் தெரியும் அளவுக்குக் கண்ணாடி போன்றது ஒன்று, வண்ண வாலுடையது ஒன்று. கொளத்தூரில் வண்ணமீன் கடையில் காட்டியபோது, "எல்லாம் கப்பி ஜாதிதான்" என்றார்கள். எது சரி?

— ஒரு வாசகர், மாதவரம்

அன்புள்ள நண்பருக்கு,

கடைக்காரரைக் குறை சொல்வதற்கில்லை. சிறிய உடல், மேல்நோக்கிய வாய், பின்தள்ளிய முதுகுத்துடுப்பு ஆகியவற்றை வைத்து மீனியலாளர்களும் நெடுங்காலம் இம்மூன்றையும் ஒரே கூட்டத்தில்தான் சேர்த்திருந்தனர். 1981இல் டான் ரோசன், லின் பேரன்டி ஆகிய இருவரும் செவுள் வளைவுகளின் எலும்புகளையும் வாலின் அமைப்பையும் ஒப்பிட்டு, உங்கள் கண்ணாடி மீனின் பேரினமான ஒரைசியாஸை அக்கூட்டத்திலிருந்து பிரித்து, கோலா, முரல் ஆகியவை அடங்கிய பெலோனிஃபார்மிஸ் வரிசையில் வைத்தனர். அவர்கள் காட்டிய அடையாளங்களுள் ஒன்று, வால்துடுப்பின் கீழ்ப்பாதியில் மேல்பாதியைவிடக் கதிர்கள் கூடுதலாக இருப்பது. காசிமேட்டில் கோலா வாங்கும்போது வாலைக் கவனித்தீர்களானால் கீழ்மடல் நீண்டிருப்பது தெரியும்; வயல் மீனில் அது அவ்வளவு வெளிப்படையாக இல்லை என்பதே இத்தனைகாலம் ஏமாந்ததற்குக் காரணம்.

அரிசிக்கான லத்தீன் சொல்லிலிருந்து வந்த பெயர் ஒரைசியாஸ். இதன் குடும்பம் இந்தியாவிலிருந்து கிழக்கே ஜப்பான் வரை பரவியிருக்கிறது. இந்தோனேசியாவின் சுலவேசித் தீவு ஏரிகளில் இனங்கள் மிகுதி. நம் பக்கத்து இனமான கார்னாடிகஸுக்கு 1849இல் பெயரிட்டவர், சென்னை மாகாணத்தில் அறுவை மருத்துவராக இருந்த ஜெர்டன். அவர் குறித்த கர்நாடகம் இன்றைய மாநிலம் அன்று. ஆற்காட்டையும் சென்னையையும் உள்ளடக்கிய கீழைச் சமவெளி. கார்னாடிகஸ், டான்சீனா, மெலாஸ்டிக்மா என்னும் மூன்று இனங்களும் பழைய இந்தியப் பட்டியல்களில் பெரும்பாலும் மெலாஸ்டிக்மா என்ற ஒரே பெயரில் பதிவாகியிருப்பதால், அவற்றை வைத்து வரைந்த பரவல் வரைபடங்களை நான் நம்புவதில்லை. பெயர் குழம்பினால் ஊரும் குழம்பிவிடும்.

வெள்ளிப் பொட்டுடையது அப்ளோகைலஸ். உருவம் சிறியது என்பதால் பார்வஸ் இனமாக இருக்கக்கூடும்; அப்படியானால் அது உங்கள் ஊர்க்காரர். சுந்தர ராஜ் 1916இல் சென்னையின் நன்னீர் மீன்களைப் பற்றி எழுதியபோது விவரித்த இனம் அது. இம்மீனின் நெருங்கிய உறவுகளைக் கிழக்கில் மட்டும் தேடக்கூடாது. தென்கிழக்காசியா வரை இதே பேரினம் இருந்தாலும், குடும்பத்தின் மற்றொரு பேரினமான பாக்கிபாஞ்சாக்ஸ் மடகாஸ்கரிலும் செஷல்ஸ் தீவுகளிலும் வாழ்கிறது. நிலங்கள் பிரிந்தபோது மீன்களும் பிரிந்தனவா, பின்னர் கடல் கடந்து போயினவா என்னும் வழக்கு இன்னும் முடியவில்லை.

மூன்றாவது மட்டுமே கப்பி. வெனிசுவேலா, டிரினிடாட் பகுதிகளைச் சேர்ந்த இம்மீன் கொசுப்புழுவைத் தின்னும் என்பதற்காகக் கொண்டுவரப்பட்டது. குட்டி போடுவதால் எந்தச் சாக்கடையிலும் பெருகிவிடுகிறது.

ஐயம் தீர எளிய வழி ஒன்று உண்டு. விடிந்ததும் பாட்டிலைப் பாருங்கள். ஒரைசியாஸ் பெண்மீன் இட்ட முட்டைகள் மெல்லிய இழைகளால் கொத்தாக அதன் வயிற்றடியில் சில மணிநேரம் தொங்கிக்கொண்டிருக்கும். மற்ற இரண்டிலும் அதைக் காணமுடியாது. பார்த்தபின் இரண்டு வகைகளைப் பிடித்த கால்வாயிலேயே விட்டுவிடச் சொல்லுங்கள். கப்பியைத் தம்பி வீட்டிலேயே வளர்க்கட்டும்.