ஆண்டவர் மன்னித்துவிட்டார், தங்கச்சியிடம் எதற்குச் சொல்ல வேண்டும்?

கேள்வி: எனக்கு 61 வயது. கருங்கல் பக்கம் ஊர், சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை) சபை. அப்பாவுக்கு நானும் தங்கச்சியும் இரண்டு பேர்தான். அம்மா முன்னமே இறந்துவிட்டார். 2004-ல் அப்பா பக்கவாதம் வந்து கிடையில் கிடந்தபோது, ரப்பர் நிற்கிற 80 சென்ட் விளையை முழுசாக என் பெயருக்கு எழுதி அவருடைய கைநாட்டை வாங்கிவிட்டேன். என்ன நடக்கிறது என்று அவருக்குத் தெரியாது. தங்கச்சியிடம் “அப்பாவே மனசறிஞ்சு எழுதித் தந்தாரு” என்று சொன்னேன். அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. இப்போது அவளுக்குக் கணவர் இல்லை, அண்டி ஆபீசுக்கு (முந்திரி ஆலைக்கு) வேலைக்குப் போகிறாள். ஒவ்வொரு கிறிஸ்மசுக்கும் முந்திரிக்கொத்து செய்து எனக்குக் கொண்டுவருவாள். வாயில் வைத்தால் இறங்காது. ராத்திரி தூக்கம் இல்லை. உபவாசம் இருந்து அழுது ஜெபித்தேன். கோயில் கட்டட நிதிக்கு 50,000 ரூபாய் கொடுத்தேன். கன்வென்ஷனுக்கு (பந்தல் போட்டு நடக்கும் ஜெபக்கூட்டத்துக்கு) வந்த போதகர் ஒருவரிடம் சொன்னதற்கு, “விசுவாசித்தால் எல்லாம் மன்னிக்கப்பட்டாச்சு, பழசைக் கிளறாதீங்க” என்றார். மனைவியும் அதையேதான் சொல்கிறாள். “சீதனம் கொடுத்துத்தானே கெட்டிக் கொடுத்தோம்” என்கிறாள். ஆனால் மன்னிக்கப்படாத பாவம் ஒன்று உண்டு என்று வேதத்தில் வாசிக்கும்போது எனக்கு நடுங்குகிறது. ஆண்டவர் என்னை மன்னித்தாரா? மன்னித்திருந்தால் தங்கச்சியிடம் சொல்லத்தான் வேண்டுமா?
– பெயர் வேண்டாம்

பதில்: அந்த நடுக்கத்தை முதலில் தீர்த்துவிடுவோம் அண்ணன். மத்தேயு 12-ஆம் அதிகாரத்தை மறுபடி எடுத்து, அந்த ஒரு வசனத்தை மட்டும் பிய்த்தெடுக்காமல் மேலிருந்து வாசித்துப் பாருங்கள். பிசாசு பிடித்துக் கண்ணும் தெரியாமல் பேச்சும் வராமல் கிடந்த ஒருவனை இயேசு குணமாக்குகிறார். அதைப் பார்த்துக்கொண்டு நின்ற பரிசேயர், இது பெயெல்செபூலின் வேலை என்கிறார்கள். கண்ணெதிரே நடந்த நன்மையைப் பிசாசின் கணக்கில் எழுதியவர்களிடம் சொன்ன பேச்சு அது. அவர்களில் ஒருவரும் “ஐயோ, எனக்கு மன்னிப்பு உண்டா” என்று கேட்டு வரவில்லை. நீங்கள் கேட்டு எழுதியிருக்கிறீர்கள். அந்த வசனம் உங்களைப் பற்றியது அல்ல. இனி அதை நினைத்து ராத்திரியில் எழுந்து உட்கார வேண்டாம்.

அடுத்தது, மன்னித்தாரா என்ற கேள்வி. நீங்கள் நம்புகிற வேதம் இதில் சுற்றிவளைத்துப் பேசவில்லை. “நம்முடைய பாவங்களை நாம் அறிக்கையிட்டால், பாவங்களை நமக்கு மன்னித்து எல்லா அநியாயத்தையும் நீக்கி நம்மைச் சுத்திகரிப்பதற்கு அவர் உண்மையும் நீதியும் உள்ளவராயிருக்கிறார்” என்று யோவான் தம் முதல் நிருபத்தில் எழுதுகிறார். இத்தனை நாள் உபவாசம், இத்தனை சொட்டுக் கண்ணீர் என்று அதில் ஒரு அளவும் இல்லை. கிருபைக்கு விலை கிடையாது. எபேசியருக்கு எழுதும்போது பவுல் அதை ‘தேவனுடைய ஈவு’ என்றே சொல்லிவிடுகிறார். ஆகவே ஆம், அறிக்கையிட்ட பாவத்தை ஆண்டவர் மன்னிக்கிறார். உங்கள் பாவத்தையும்தான்.

ஆனால் அந்த 50,000 ரூபாயைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் இருக்க முடியவில்லை. மன்னிப்புக்குப் பணம் கட்டலாம் என்ற எண்ணத்தை எதிர்த்துத்தானே 1517-ல் லூத்தர் கிளம்பினார்? அந்தச் சண்டையில் பிரிந்தவர்களின் வாரிசுகளாகிய நாம், அதே காரியத்தைக் கட்டட நிதி என்று பெயர் மாற்றிச் செய்துகொண்டிருக்கிறோம். அதோடு, அந்தப் பணம் ரப்பர் விளையிலிருந்து வந்தது என்றால் அதில் பாதி உங்கள் தங்கச்சியுடையது. ரசீதில் அவள் பெயரையும் சேர்த்து எழுதியிருக்க வேண்டும்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். லூக்கா 19-ல் சகேயு கதை. ஞாயிறு பள்ளியிலிருந்தே நமக்குத் தெரிந்த கதைதான், குள்ளமான மனிதர், காட்டத்தி மரம் என்று. எது முதலில் நடந்தது, எது பிறகு நடந்தது என்று மட்டும் பாருங்கள். சகேயு எரிகோவில் ஆயக்காரருக்கு, அதாவது வரி வசூலிப்பவர்களுக்கு, தலைவன், ஊரைச் சுரண்டிச் சம்பாதித்தவன். அவன் ஒரு காசைக்கூடத் திருப்பிக் கொடுப்பதற்கு முன்பே, கொடுக்கிறேன் என்று வாய் திறப்பதற்கு முன்பே, இயேசு அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, இன்றைக்கு உன் வீட்டில்தான் தங்கப்போகிறேன் என்கிறார். பார்த்தவர்கள் முணுமுணுக்கிறார்கள். அதற்கப்புறம்தான் அவன் எழுந்து நின்று, சொத்தில் பாதி ஏழைகளுக்கு, அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாகத் திருப்பிக் கொடுக்கிறேன் என்கிறான். மோசே சட்டப்படி, தானே ஒப்புக்கொண்டு வருகிறவன் எடுத்த முதலோடு ஐந்தில் ஒரு பங்கைச் சேர்த்துக் கொடுத்தால் போதும். லேவியராகமம் 6-லும் எண்ணாகமம் 5-லும் இருக்கிறது. நாலு மடங்கு என்பது ஆட்டைத் திருடி அறுத்தவனுக்கோ விற்றவனுக்கோ உரிய தண்டனை. சகேயு தன்னைத் திருடன் வரிசையில் தானே நிறுத்திக்கொள்கிறான். யாரும் அவனைக் கேட்கவில்லை.

நான் பார்க்கிறவரை, உங்கள் இரண்டு கேள்விக்கும் பதில் இந்த வரிசையில்தான் இருக்கிறது. விளையைத் திருப்பிக் கொடுத்தால்தான் ஆண்டவர் மன்னிப்பார் என்பது பொய். மன்னித்துவிட்டார், ஆகவே விளை என்னிடமே இருக்கட்டும் என்பதும் பொய். முதலாவது மன்னிப்பை விலைக்கு வாங்கப் பார்க்கிறது. இரண்டாவது, மன்னிப்பைக் காட்டித் திருட்டுச் சொத்துக்குப் பட்டா வாங்கப் பார்க்கிறது.

கன்வென்ஷன் போதகர் சொன்னதில் பாதிதான் சரி. “பாவம் பெருகின இடத்தில் கிருபை அதிகமாய்ப் பெருகிற்று” என்று ரோமர் 5-ல் எழுதிய பவுல், அடுத்த அதிகாரத்தின் முதல் வசனத்திலேயே, அப்படியானால் கிருபை பெருகுவதற்காகப் பாவத்தில் நிலைநிற்கலாமா என்று கேட்டு, கூடவே கூடாது என்கிறார். பந்தலில் ஐந்தாம் அதிகாரத்தோடு நிறுத்திக்கொள்வது நம் பக்கத்தில் ரொம்ப நடக்கிறது. உங்கள் காரியத்தில் பாவம் 2004-ல் முடிந்துபோகவும் இல்லை. விடியற்காலை பால்வெட்டு நடக்கும் ஒவ்வொரு நாளும் அது நடந்துகொண்டிருக்கிறது. ரப்பர் ஷீட் விற்ற காசு உங்கள் கைக்கு வருகிறபோதெல்லாம், அந்தப் பக்கம் ஒருத்தி அண்டித் தோடு உடைத்து, கொட்டைப் பால் பட்டுக் கறுத்துப்போன விரல்களோடு வீட்டுக்குப் போகிறாள்.

கத்தோலிக்க நண்பர்கள் யாராவது இருந்தால் கேட்டுப் பாருங்கள். பாவசங்கீர்த்தனத்தில் குருவானவரிடம் இதைச் சொன்னால், மன்னிப்பு வழங்குவதோடு, எடுத்ததைத் திருப்பிக் கொடுக்கும் கடமையையும் நினைவூட்டுவார். அது அவர்கள் மறைக்கல்வியிலேயே இருக்கிறது. மன்னிப்பு கிருபையால்தான், நம் புண்ணியத்தால் அல்ல என்று 1999-ல் ஆக்ஸ்பர்க்கில் லூத்தரன் உலகக் கூட்டமைப்பும் கத்தோலிக்கத் திருச்சபையும் சேர்ந்தே கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். எந்தக் கோயிலுக்குப் போனாலும் உங்களுக்குக் கிடைக்கிற பதில் ஏறக்குறைய இதுதான்.

மதினியின் சீதன நியாயத்துக்கு வருவோம். அவரைக் குறை சொல்ல எனக்கு மனசில்லை. நம் கன்னியாகுமரி ஜில்லா திருவிதாங்கூரில் இருந்த காலத்துப் பழக்கம் அது. 1916-ல் அங்கே வந்த கிறிஸ்தவ வாரிசுச் சட்டம், மகளுக்குச் சீதனமாக மகன் பங்கில் கால்வாசி அல்லது 5,000 ரூபாய், எது குறைவோ அது போதும் என்றது. 1986-ல் மேரி ராய் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை ஓரமாக வைத்து, 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டமே பொருந்தும் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது. அதன்படி, உயில் எழுதாமல் இறந்த தகப்பன் சொத்தில் மகனுக்கும் மகளுக்கும் சமபங்கு. நீங்கள் கைநாட்டு வாங்கியது அதற்கு 18 வருஷம் கழித்து. நகை போட்டதை எல்லாம் இப்போது கணக்கில் கொண்டுவராதீர்கள். 40 சென்ட் அவளுடையது.

சரி, எப்படிச் சொல்வது? சபை கமிட்டிக்காரர்களைக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். சாட்சி சொல்கிற நேரத்தில் மைக்கைப் பிடித்துச் சொல்லவே சொல்லாதீர்கள். ஊர் உங்களைத் தோளில் தூக்கும், தங்கச்சி ஒரு மூலையில் தலைகுனிந்து உட்கார்ந்திருப்பாள். மதினி வர ஒத்துக்கொண்டால் இரண்டு பேரும், இல்லாவிட்டால் நீங்கள் மட்டும், அவள் வேலைக்குப் போகாத ஒரு நாளில் அவள் வீட்டுக்குப் போங்கள். “அப்பா எழுதித் தரல்ல, நான்தான் எடுத்தேன்” என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள். கடன் இருந்தது, பிள்ளைகள் படிப்பு இருந்தது என்று காரணம் அடுக்க வேண்டாம். அவள் அழுதால் அழட்டும். திட்டினால் கேட்டுக்கொள்ளுங்கள்.

அவள் உங்களை மன்னித்தே ஆக வேண்டும் என்று எதிர்பார்த்துப் போகாதீர்கள். எனக்கு இதில்தான் பயம். நம் ஆட்களுக்கு ஏழெழுபது தரம் மன்னிக்கச் சொன்ன வசனம் நன்றாகத் தெரியும். பிழை செய்தவனே அதை எடுத்துப் பிழைபட்டவளிடம் நீட்டுவது அசிங்கம். அந்த வசனத்தை அவளுக்கு நினைவூட்டும் உரிமை உங்களுக்கு இல்லை. ஒருவேளை அவளுக்கு இத்தனை வருஷமும் விஷயம் தெரிந்தே இருக்கலாம். அன்றைக்கு ஒன்றும் பேசாமல் இருந்தாள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். தெரிந்தும் பலகாரம் கொண்டுவந்திருக்கிறாள் என்றால் அது அவள் மனசின் பெருமை. தெரியாது என்றால் இனிமேல்தான் கோபம் தொடங்கும், அடுத்த கிறிஸ்மசுக்கு அவள் வராமலும் போகலாம். அதையும் தாங்கிக்கொள்ளத்தான் வேண்டும். ஆண்டவர் உங்களுக்குக் கொடுத்த மன்னிப்பு, தங்கச்சி உடனே சமாதானமாகிறாளா என்பதில் தொங்கிக்கொண்டிருக்கவில்லை.

வெறும் கையோடு போய்ச் சொல்லிவிட்டு, “பிறகு பார்க்கலாம்” என்று வராதீர்கள். போவதற்கு முன்பே ஒரு வக்கீலையோ பத்திர எழுத்தரையோ பார்த்து, 40 சென்டைத் தனியாக அளந்து அவள் பெயருக்குச் செட்டில்மென்ட் பத்திரம் எழுத என்ன வேண்டும் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். கூடப்பிறந்தவர்களுக்குள் எழுதும் செட்டில்மென்டுக்கு, வெளியாளுக்கு விற்கிற கிரையத்தைவிட முத்திரைத்தாள் செலவு குறைவு. அந்தச் செலவு உங்களுடையது. வழியும் தண்ணீரும் உள்ள பக்கத்தை அவளுக்கு விடுங்கள். இத்தனை வருஷ ரப்பர் வரும்படியை முழுசாகத் திருப்பிக் கொடுக்க முடியாமல் போகலாம். முடிந்த தொகையை மதினியோடு பேசி முடிவுசெய்து, மாதாமாதமாவது கொடுங்கள். அப்புறம் ஒரு வில்லங்கச் சான்று எடுத்துப் பாருங்கள். விளையை வைத்து வங்கியில் கடன் வாங்கியிருந்தால், அதை அவள் தலையில் ஏற்றிவிடாமல் நீங்களே அடைத்துவிட்டு எழுதிக் கொடுங்கள்.