சுற்றுச்சூழல் சுகாதாரம், கணினி மாடலிங்: பிஎச்.டி. பற்றிக் கேளுங்கள்

இன்று சாயங்காலம் வரை இருப்பேன், முடிந்தவரை பதில் எழுதுகிறேன். தண்ணீர், காற்று, கொசு வழியாக வரும் நோய்களைக் கணக்குப் போட்டுப் பார்ப்பதுதான் என் வேலை. மருந்து ஆராய்ச்சி, மரபணு பற்றி அந்தத் துறைக்காரர்களிடம் கேட்பதே நல்லது.

திருமங்கலம்: அக்கா, எம்.எஸ்சி. கணிதம் முடித்துவிட்டேன். உயிரியல் பத்தாம் வகுப்போடு சரி. என்னை எடுப்பார்களா?

தாராளமாக எடுப்பார்கள்மா. 1897இல் செகந்திராபாத்தில் கொசுவின் வயிற்றுக்குள் மலேரியாக் கிருமியைப் பார்த்த ரொனால்ட் ராஸ் டாக்டர்தான், ஆனால் நோய் எப்படிப் பரவுகிறது என்பதற்குப் பிற்பாடு சமன்பாடு எழுதியதும் அவரேதான். அந்த வழியில் வந்த கணக்கில் ஒரே ஒரு இடத்தைச் சொல்கிறேன். கொசுவுக்குள் போன கிருமி அதன் எச்சிலுக்கு வந்து சேர 10 நாள் ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கொசு ஒரு நாளைத் தாண்டும் வாய்ப்பு 0.9 என்றால், 10 நாள் தாண்டுவது நூற்றுக்கு 35 கொசு. அதை 0.8 ஆக்கினால் 11தான். ஆயுளில் கொஞ்சம் கை வைத்தாலே நோய் பரப்பும் கொசு மூன்றில் ஒரு பங்காகிவிடுகிறது. வெயில் ஏறினால் கிருமி சீக்கிரம் முதிரும், ஒரு அளவுக்கு மேல் கொசுவும் சீக்கிரம் செத்துப்போகும். இதில் எது முந்தும் என்பது மதுரைக்கு ஒரு விடை, கொடைக்கானலுக்கு வேறு விடை. கணிதம் படித்தவர் வேண்டியது இங்கேதான்.

வெளியூர் தேடுவதற்கு முன் நம்மூர் மதுரையின் சின்னச்சொக்கிகுளத்தைப் பாருங்கள். ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழு) 1985இல் தொடங்கிய பூச்சியியல் மையம் அங்கே இருக்கிறது, இப்போது நோய் பரப்பும் பூச்சிகளை ஆராயும் புதுச்சேரி விசிஆர்சியின் கள நிலையம். நெல் வயலில் பெருகும் கியூலெக்ஸ் கொசு, அது பரப்பும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் பற்றியெல்லாம் நிறைய வேலை செய்த இடம். நாற்று நட்டபின் வயலில் எத்தனை நாள் தண்ணீர் நிற்கிறது என்பதே அந்த மாடலுக்கு ஒரு முக்கியமான எண். ஒன்று மட்டும் மறக்க வேண்டாம்: எங்கே சேர்ந்தாலும் தரவு உங்கள் கைக்கு வரும் என்று சேர்வதற்கு முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

கே.கே. நகர்: மாதம் எவ்வளவு வரும்?

ஆராய்ச்சி உதவித்தொகையில் முதல் நிலையான ஜேஆர்எஃப் 37,000 ரூபாய், இரண்டு வருடம் கழித்து அடுத்த நிலையான எஸ்ஆர்எஃப் 42,000, வீட்டு வாடகைப்படி தனி. 2023 ஜனவரியிலிருந்து இந்தத் தொகை. யுஜிசியின் (பல்கலைக்கழக மானியக் குழு) நெட் தகுதித் தேர்வில் 2024 ஜூனிலிருந்து மூன்று பிரிவு. ‘பிஎச்.டி. மட்டும்’ பிரிவில் தேறினால் சேரலாம், உதவித்தொகை வராது, மதிப்பெண்ணும் ஒரு வருடம்தான் செல்லும்.

மேலூர்: வேலையை விடாமல் படிக்க முடியுமா?

முடியும். 2022 யுஜிசி விதியில் பகுதிநேரம் உண்டு, வேலை பார்க்கும் இடத்தில் தடையின்மைச் சான்று வேண்டும்.

நிலக்கோட்டை: எங்கள் பக்கம் தண்ணீரில் ஃப்ளோரைடு அதிகம். போர்களில் அளந்து மேப் போட்டு, எந்த ஊருக்கு ஆபத்து என்று சொன்னால் ஒரு பிஎச்.டி.க்குப் போதுமா?

நல்ல கேள்வி தம்பி, விரிவாகவே சொல்கிறேன். மேப் மட்டும் போதாது. அளந்த இடங்களை வைத்து அளக்காத இடங்களை ஊகித்து மேப் போடும் முறைக்குக் கிரிகிங் என்று பெயர்; பக்கத்துப் பக்கத்து இடங்கள் ஒன்றுபோல இருக்கும் என்ற நம்பிக்கையில்தான் அது வேலை செய்கிறது. நம் பூமியோ கடும்பாறை, தண்ணீர் பாறை வெடிப்புக்குள் ஓடுகிறது. ஒரு போரில் 2.5 மில்லிகிராம் இருக்க, ரோட்டுக்கு அந்தப் பக்கம் 0.8 இருக்கலாம். மேப்பில் அந்த இடம் முழுக்க அழகாக ஒரே மஞ்சளாக வரும், பார்ப்பவர் நம்பிவிடுவார்.

அப்புறம், தண்ணீரில் இருக்கும் அளவு வேறு, உடம்புக்குள் போகும் அளவு வேறு. இந்தியத் தர அளவு லிட்டருக்கு 1 மில்லிகிராம், வேறு வழியில்லை என்றால் 1.5. ஆனால் வெயிலில் மல்லிகை பறிப்பவரும் கடையில் உட்கார்ந்திருப்பவரும் குடிக்கும் தண்ணீர் ஒன்றா? குடிக்கக் கேன் தண்ணீர், சோறு வடிக்கப் போர் தண்ணீர் என்று வைத்திருக்கும் வீட்டில் அரிசி உறிஞ்சிக்கொள்வது எந்தக் கணக்கில் வரும்? ஒவ்வொரு வீட்டிலும் எந்தக் குடம் எதற்கு என்று கேட்டு எழுதி, அந்த நிச்சயமின்மையையும் மாடலுக்குள் கொண்டுவந்தால் அது பிஎச்.டி.

ஒத்தக்கடை: மேடம், குடம் குடமாக எண்ண வேண்டிய காலமா இது? நான் ஐடியில் இருக்கிறேன். சாட்டிலைட் படமும் அரசுக் கிணற்றுத் தரவும் கொடுத்தால் மெஷின் லேர்னிங் 95 சதவீதம் சரியாகச் சொல்லும்.

அந்த 95 எப்படி வந்தது என்று பாருங்கள். கிணறுகளைக் குலுக்கிப் பாதியில் கற்றுக்கொடுத்து மீதியில் சோதித்திருப்பீர்கள். சோதனைக் கிணற்றுக்குப் பக்கத்துக் கிணறே பயிற்சியில் இருந்தால் விடையை முன்கூட்டியே காட்டியதாகத்தான் அர்த்தம். ஒரு வட்டாரத்தை முழுதாக விட்டுவைத்துச் சோதியுங்கள், அப்போது வரும் எண்தான் உண்மை. பூமிக்கடியில் இருக்கும் ஃப்ளோரைடு எந்தச் சாட்டிலைட்டுக்கும் தெரியாது.

ஒத்தக்கடை: அப்படியென்றால் மாடலிங்கே வேண்டாம் என்கிறீர்களா?

என் சோறே அதில்தான். வேண்டாம் என்று எங்கே சொன்னேன்? உள்ளே போகும் எண் எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் மாடல் போடாதீர்கள் என்கிறேன்.

வாடிப்பட்டி: நான் கிராம சுகாதார செவிலியர். எங்கள் பகுதியில் பாட்டிகள் கேன் தண்ணீர் ருசியில்லை என்று போர் தண்ணீரைத்தான் குடிக்கிறார்கள். ஒரே வீட்டுக்குள் பேரன் கேன், பாட்டி போர்.

பார்த்தீர்களா ஒத்தக்கடை, எந்தப் படத்திலும் இது கிடைக்காது. நிலக்கோட்டைத் தம்பி, வீட்டுக்கு ஒரு எண் போதாது, ஆளுக்கு ஒரு எண் வேண்டும். செவிலியர் அம்மாவுக்கு ரொம்ப நன்றி.

ஒத்தக்கடை: சரி, காற்றுக்காவது சாட்டிலைட் உதவும் இல்லையா?

உதவும், சந்தோஷமாகச் சேருங்கள். 2017இல் ஏவிய சென்டினல்-5பி நைட்ரஜன் டை ஆக்சைடைத் தினமும் காட்டுகிறது. ஆனால் அது காட்டுவது மேலிருந்து கீழ்வரை உள்ள மொத்தக் காற்றுக்கு, நாம் மூச்சிழுக்கும் உயரத்துக்கு அல்ல. தரையில் கருவி வைத்து ஒப்பிட்டே ஆக வேண்டும்.

விருதுநகர்: தமிழ்நாட்டில் எங்கெல்லாம் முயற்சி செய்யலாம்?

காற்று, சமையல் புகை என்றால் போரூர் ஸ்ரீ ராமச்சந்திராவின் சுற்றுச்சூழல் சுகாதாரப் பொறியியல் துறை. சமையல் புகையைக் குறைத்தால் உடல்நலம் மாறுகிறதா என்று பார்த்த ஹாபின் ஆய்வின் இந்தியப் பகுதி அங்கேதான் நடந்தது: நான்கு நாடுகளில் 3,200 கர்ப்பிணிகள், பாதிப் பேருக்குக் கேஸ் அடுப்பு. புகை நன்றாகக் குறைந்தது, குழந்தையின் பிறப்பு எடையில் மட்டும் சொல்லும்படி வித்தியாசம் வரவில்லை. ஏன் என்று கேட்பதிலேயே பல பிஎச்.டி. இருக்கிறது. நோய்ப்பரவல் புள்ளியியலுக்கு சென்னையில் ஐசிஎம்ஆரின் தேசிய நோய்ப்பரவியல் நிறுவனம். சுத்தக் கணிதப் பக்கம் தரமணி கணித அறிவியல் நிறுவனம். பொறியியல் படித்தவர்கள் ஐஐடி மெட்ராஸ் பாருங்கள், பொறியியல் மேற்படிப்புக்கான கேட் தேர்வில் 2021இலிருந்து சுற்றுச்சூழலுக்குத் தனித் தாள் உண்டு. எங்கே போனாலும் தரவு யாருக்குச் சொந்தம் என்று எழுத்தில். என்னுடன் படித்தவர் ஒரு மருத்துவமனையின் வாய்ச்சொல்லை நம்பி மூன்றாவது வருடத்தில் தலைப்பையே மாற்றினார்.

தேனி: எந்த சாஃப்ட்வேர் படிக்கலாம்?

கணக்குப் போட ஆர் அல்லது பைத்தான், கூட மேப் போட கியூஜிஐஎஸ். எல்லாமே இலவசம்.

சிவகங்கை: மாதம் எவ்வளவு கிடைக்கும் மேடம்?

கே.கே. நகருக்குச் சொன்ன பதிலைப் படியுங்கள்.

பரமக்குடி: பைத்தானா, ஆரா?

எதுவானாலும் சரி. கேள்வியை முதலில் முடிவு செய்யுங்கள்.

திண்டுக்கல்: உதவித்தொகை எவ்வளவு என்று...

மேலே இரண்டு முறை வந்துவிட்டது. தயவுசெய்து படித்துவிட்டுக் கேளுங்கள்.

உசிலம்பட்டி: பணம் கட்டினால் கட்டுரை போட்டுத் தருகிறோம் என்கிறார்கள், நம்பலாமா?

கட்டவே கட்டாதீர்கள். கட்டுரை வெளியிட்டே ஆக வேண்டும் என்ற கட்டாயத்தை யுஜிசி 2022 விதியிலேயே எடுத்துவிட்டது. உங்கள் பல்கலைக்கழகம் தனியாக விதி வைத்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

அவனியாபுரம்: வெள்ளக்கல் குப்பைக் கிடங்கு எரியும்போது வீட்டுக்குள் இருக்க முடிவதில்லை. இதை ஆராய்ச்சியாகச் செய்யலாமா?

செய்யலாம், செய்யவும் வேண்டும். ஏர்மாட் மாதிரியான மாடல் புகை எந்தத் திசையில் எவ்வளவு தூரம் போகிறது என்று சொல்லும், ஆனால் எப்போது எரிந்தது, எவ்வளவு எரிந்தது என்று நீங்கள்தான் அதற்குக் கொடுக்க வேண்டும். அதனால் இன்றிலிருந்தே தேதி, நேரம், காற்றடிக்கும் திசையை ஒரு நோட்டில் குறித்து வையுங்கள், தெருவில் இன்னும் நாலு பேரையும் குறிக்கச் சொல்லுங்கள். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தின் புறநோயாளி எண்ணிக்கை கிடைக்குமா என்று கேளுங்கள். கிடைக்கும் என்றால் நெறிமுறைக் குழு அனுமதியோடு எழுத்தில் வாங்கிக்கொண்டு, அதற்குப் பிறகு வழிகாட்டியிடம் போங்கள்.