க்யூட்டில் பிட்மேப் படங்கள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்த முறை வந்த கேள்விகளில் பலவும் க்யூட் (Qt) டூல்கிட்டில், அதாவது விண்டோ, பட்டன் கொண்ட நிரல்கள் எழுத உதவும் தொகுப்பில், படங்களைக் கையாள்வது பற்றியவை. சி++-இல் எழுதுபவர்களும் கேட்டிருக்கிறார்கள், பைத்தானில் எழுதுபவர்களும் கேட்டிருக்கிறார்கள். கிளாஸ்களும் மெத்தட்களும் இரண்டு மொழியிலும் ஒன்றே என்பதால் சேர்த்தே பதில் சொல்கிறேன்.

கேள்வி: க்யூஇமேஜ், க்யூபிக்ஸ்மேப், க்யூபிட்மேப் மூன்றிலுமே படத்தை லோடு செய்ய முடிகிறது. எதை எப்போது எடுப்பது?

பிக்சல்களைத் தொட்டு வேலை செய்ய வேண்டுமென்றால் க்யூஇமேஜ். திரையில் காட்டினால் போதும் என்றால் க்யூபிக்ஸ்மேப். க்யூபிட்மேப் என்பது பிக்சலுக்கு ஒரே ஒரு பிட் உள்ள பிக்ஸ்மேப். கர்சர், மாஸ்க் தவிர இன்றைக்கு அதற்கு அதிக வேலை இல்லை. பெயரைப் பார்த்து பிஎம்பி கோப்புக்கானது என்று எண்ணி அதில் வண்ணப் படத்தை ஏற்றினால் கறுப்பு வெள்ளைதான் மிஞ்சும்.

இப்படிப் பிரித்ததற்குக் காரணம் உண்டு. நார்வேயிலிருந்து க்யூட் 1995-இல் வெளிவந்தபோது யூனிக்ஸ் கணினிகளில் திரை எக்ஸ்11 வசம், அதாவது எக்ஸ் சர்வர் என்ற தனி நிரலின் வசம் இருந்தது. அங்கே பிக்ஸ்மேப் இருந்தது எக்ஸ் சர்வரின் மெமரியில், உங்கள் நிரலின் மெமரியில் அல்ல. காட்டச் சொன்னால் சட்டென்று காட்டும். ஒரு பிக்சலின் நிறம் என்ன என்று கேட்டாலோ, படத்தையே சர்வரிடமிருந்து இழுத்து வர வேண்டும். இன்று க்யூட் 5, 6-இல் சாதாரண விட்ஜெட் நிரல்களில் பிக்ஸ்மேப்பும் உங்கள் மெமரியில்தான் இருக்கிறது. ஆனாலும் ஒரு விதியை மறக்காதீர்கள்: க்யூபிக்ஸ்மேப்பை முதன்மை த்ரெட்டில் (விண்டோக்களை இயக்கும் நிரல் ஓட்டத்தில்) மட்டும், அதுவும் அப்ளிகேஷன் ஆப்ஜெக்ட் உருவான பிறகு மட்டும் தொட வேண்டும். குளோபல் வேரியபிளாக க்யூபிக்ஸ்மேப் வைத்த நிரல் திறந்த உடனே விழுவது இதனால்தான். க்யூஇமேஜுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. வேலை முழுவதையும் இமேஜில் முடித்துவிட்டு, கடைசியில் ஒரே ஒரு தடவை பிக்ஸ்மேப் ஆக்கிக் காட்டுங்கள்.

கேள்வி: கேமராவிலிருந்து வரும் ஆர்ஜிபி (சிவப்பு, பச்சை, நீலம்) டேட்டாவை க்யூஇமேஜ் ஆக்குகிறேன். அகலம் 640 என்றால் சரியாக வருகிறது. ஓரத்தை வெட்டி 641 ஆக்கினால் படம் சாய்ந்து, நிறமும் கெட்டுப்போகிறது. ஏன்?

இந்தக் கேள்வி எனக்கு மிகவும் பிடித்தது. அறிகுறியை இவ்வளவு துல்லியமாகக் கவனித்தாலே பாதி விடை வந்துவிடும்.

பிக்சலுக்கு 3 பைட். 640 பிக்சலுக்கு 1920 பைட், அது 4-ஆல் மீதமில்லாமல் வகுபடும். 641 பிக்சலுக்கு 1923 பைட், அது வகுபடாது. ஒரு வரிக்கு எத்தனை பைட் என்று நீங்கள் சொல்லாவிட்டால், ஒவ்வொரு வரியும் 4-இன் மடங்கில் தொடங்குவதாக க்யூஇமேஜ் எடுத்துக்கொள்ளும். அதன் கணக்கில் உங்கள் வரி 1924 பைட். முதல் வரி ஒழுங்காக வரும். இரண்டாவது வரி ஒரு பைட் தள்ளித் தொடங்கும், அங்கே சிவப்பு இருக்க வேண்டிய இடத்தில் பச்சை உட்கார்ந்துவிடும். மூன்று வரிக்கு ஒரு பிக்சல் வீதம் படம் இடப்பக்கம் நழுவிக்கொண்டே போகும். உயரம் 480 என்றால் கடைசி வரி ஏறக்குறைய 160 பிக்சல் நழுவியிருக்கும். அதைவிட மோசம், அந்த வரியைப் படிக்கும்போது உங்கள் பஃபருக்கு (டேட்டா இருக்கும் மெமரிப் பகுதிக்கு) வெளியே 479 பைட் எட்டிப் பார்த்திருப்பீர்கள். இன்று படம் மட்டும் சாய்கிறது, நாளை நிரலே விழலாம்.

தீர்வு ஒரு எண்தான். கன்ஸ்ட்ரக்டரில் அகலம், உயரம் கொடுத்த பிறகு பைட்ஸ்பெர்லைன் என்ற இடத்தில் 1923 என்று கொடுங்கள். அகலத்தை 4-இன் மடங்காக வெட்டித் தப்பிக்க வேண்டாம். அது காய்ச்சலுக்கு மருந்து கொடுக்காமல் தெர்மாமீட்டரை உடைப்பது போல.

கேள்வி: ஓபன்சிவி (படங்களை அலசும் லைப்ரரி), நம்பை (எண் அரேக்களுக்கான லைப்ரரி) அரேயிலிருந்து பைத்தானில் க்யூஇமேஜ் உருவாக்குகிறேன். முகம் நீலமாக வருகிறது. சில சமயம் படம் குப்பையாகத் தெரிகிறது, சில சமயம் நிரலே செத்துவிடுகிறது.

இவை இரண்டு வேறு நோய்கள். நீல முகத்துக்குக் காரணம், ஓபன்சிவி நிறங்களை நீலம், பச்சை, சிவப்பு என்ற வரிசையில் வைப்பது. க்யூட் 5.14 முதல் பிஜிஆர்888 என்ற ஃபார்மட்டே வந்துவிட்டது, அதைக் கொடுத்தால் போதும். பழைய பதிப்பானால் ஆர்ஜிபி888 என்று உருவாக்கி ஆர்ஜிபிஸ்வாப்டு மெத்தடை அழையுங்கள்.

குப்பைப் படம்தான் ஆபத்தானது. வெளியிலிருந்து கொடுத்த பஃபரை க்யூஇமேஜ் தனக்கென்று நகல் எடுத்துக்கொள்வதில்லை, அதே இடத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும். உங்கள் ஃபங்ஷன் முடிந்ததும் அரேயைப் பைத்தான் விடுவித்துவிட்டால், இமேஜ் பார்த்துக்கொண்டிருந்த இடம் வேறு யாருக்கோ போய்விடும். ‘சில சமயம்’ என்று நீங்கள் எழுதியிருப்பதற்கு இதுதான் விளக்கம். ஃபங்ஷனை விட்டு இமேஜ் வெளியே போவதற்கு முன் காப்பி மெத்தடை ஒருமுறை அழைத்துவிடுங்கள். ஒரு ஃப்ரேமை நகலெடுக்க ஆகும் நேரம் பெரிதல்ல. அதை மிச்சம் பிடிக்கப் போய் வாரக்கணக்கில் பிழை தேடியவர்களை நான் அறிவேன்.

கேள்வி: பழைய பத்திரங்களை ஸ்கேன் செய்து காட்டும் நிரல். க்யூட் 5-இல் ஓடியது, 6-க்கு மாற்றியதும் சில பக்கங்கள் மட்டும் திறக்கவில்லை. கோப்பு 9 எம்பிதான்.

உங்கள் பக்கங்கள் ஏ4, 600 டிபிஐ (அங்குலத்துக்கு 600 புள்ளி) என்று நினைக்கிறேன். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 4960 × 7016 பிக்சல், ஒவ்வொன்றுக்கும் 4 பைட், மொத்தம் 13.9 கோடி பைட், அதாவது ஏறக்குறைய 133 மெகாபைட். க்யூட் 6 வந்தபோது படம் படிக்கும் க்யூஇமேஜ்ரீடருக்கு 128 மெகாபைட் என்று ஒரு வரம்பு வைத்தார்கள். டிஸ்க்கில் கோப்பு எவ்வளவு என்பது இங்கே கணக்கே இல்லை, விரிந்த பிறகு மெமரியில் எவ்வளவு என்பதுதான் கணக்கு. 300 டிபிஐ பக்கங்கள் திறந்து, 600 மட்டும் மறுப்பதற்குக் காரணம் இதுவே.

செட்அலோகேஷன்லிமிட் என்ற ஸ்டாட்டிக் மெத்தடில் தேவையான அளவைக் கொடுங்கள், 512 என்றால் உங்களுக்குத் தாராளம். 0 கொடுத்தால் வரம்பே இருக்காது. அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். சில கிலோபைட் உள்ள ஒரு கோப்பு, தன் அகல உயரத்தைப் பொய்யாகச் சொல்லி உங்கள் மெமரி முழுவதையும் விழுங்கப் பார்க்கலாம். அதைத் தடுக்கத்தான் அந்த வரம்பு.

கேள்வி: என் கணினியில் எல்லாப் படமும் தெரிகிறது. வாடிக்கையாளர் கணினியில் பிஎன்ஜி மட்டும் தெரிகிறது, ஜேபெக் தெரியவில்லை.

பிஎன்ஜியைப் படிக்கும் திறன் க்யூட்டுக்குள்ளேயே இருக்கிறது. ஜேபெக் தனி ப்ளகின், அதாவது நிரலோடு தனியாகச் சேர்க்க வேண்டிய துணைக் கோப்பு. விண்டோஸில் உங்கள் நிரல் இருக்கும் ஃபோல்டருக்குள் இமேஜ்ஃபார்மட்ஸ் என்ற ஃபோல்டர் இருக்க வேண்டும், அதில் க்யூஜேபெக் டிஎல்எல் இருக்க வேண்டும். அந்த ஃபோல்டரின் பெயரை மாற்றினால்கூட வேலை செய்யாது. கையால் கோப்புகளைப் பொறுக்காமல் வின்டிப்ளாய்க்யூட்டி கருவியை ஓட்டினால் எல்லாம் தானாக வந்து சேரும். ஆரம்ப காலத்தில் ஒரு அலுவலகத்தில் இதே காரணத்தால் ஊழியர் புகைப்படங்கள் எதுவும் தெரியாமல் ஒரு பகல் முழுதும் உட்கார்ந்திருக்கிறேன். அன்றிலிருந்து சப்போர்ட்டட்இமேஜ்ஃபார்மட்ஸ் தரும் பட்டியலை நிரல் தொடங்கும்போதே லாகில் எழுதிவிடுகிறேன்.

கேள்வி: விண்டோவின் அளவை மாற்ற மாற்றப் படம் மங்கிக்கொண்டே போகிறது. இன்னொரு சிக்கல், விண்டோ தானாகப் பெரிதாகிறது, திரும்பச் சிறிதாக்கவும் முடியவில்லை.

மங்குவது, ஏற்கெனவே சுருக்கிய படத்தையே மறுபடி பெரிதாக்குவதால். லேபிளில் (படம் காட்டும் விட்ஜெட்டில்) இருக்கும் பிக்ஸ்மேப்பை எடுத்து ஸ்கேல் செய்து அதிலேயே திரும்ப வைக்கிறீர்கள். சுருக்கும்போது போன விவரம் திரும்பி வராது. மூலப் படத்தை ஒரு மெம்பர் வேரியபிளில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு முறையும் அதிலிருந்தே ஸ்கேல் செய்யுங்கள். கூடவே ஸ்மூத்ட்ரான்ஸ்ஃபர்மேஷன் என்று கொடுங்கள். கொடுக்காவிட்டால் வேகமான, ஆனால் எழுத்துகளைப் பிசிறடிக்கும் முறைதான் இயல்பாக நடக்கும்.

விண்டோ வளர்வதற்குக் காரணம் லேபிளின் இயல்பு. ‘எனக்கு இந்தப் படத்தின் அளவாவது வேண்டும்’ என்று லேபிள் லேஅவுட்டிடம் கேட்கிறது. அளவு மாறும் ஒவ்வொரு முறையும் நீங்கள் புதுப் படம் வைக்க, அது மறுபடி கேட்கிறது. மினிமம் சைஸை 1, 1 என்று வைத்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். என்னைக் கேட்டால், படம் காட்டுவதுதான் நிரலின் முக்கிய வேலை என்றால் லேபிளை விட்டுவிட்டு, சொந்தமாக ஒரு விட்ஜெட் எழுதி பெயிண்ட்ஈவென்ட்டில் வரைந்துவிடுங்கள். இருபது வரிக்குள் முடியும், இந்தத் தொல்லையே வராது.

கேள்வி: 500 போட்டோ உள்ள ஃபோல்டருக்கு தம்ப்நெயில் காட்ட வேண்டும். விண்டோ உறைந்துவிடுகிறது.

இரண்டு வேலை செய்யுங்கள். ஒன்று, படத்தை முழுதாகத் திறந்துவிட்டுச் சுருக்காதீர்கள். க்யூஇமேஜ்ரீடரில் படிப்பதற்கு முன்பே செட்ஸ்கேல்டுசைஸ் கொடுங்கள். ஜேபெக்கை விரிக்கும்போதே சிறிதாக விரிக்க முடியும் என்பதால் இதில் கிடைக்கும் வேகம் கண்கூடாகத் தெரியும். இரண்டு, படிப்பதை வேறு த்ரெட்டுக்கு மாற்றி, க்யூஇமேஜை சிக்னல் வழியாக முதன்மை த்ரெட்டுக்கு அனுப்புங்கள். அனுப்பும்போது பிக்சல்கள் நகலாவதில்லை, பகிரப்படுகின்றன, அதனால் பாரமில்லை. அங்கே வந்து சேர்ந்த பிறகு பிக்ஸ்மேப் ஆக்குங்கள்.

போனில் எடுத்த போட்டோக்கள் படுத்துக்கொண்டு வரும் என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். அதே ரீடரில் செட்ஆட்டோட்ரான்ஸ்ஃபார்மை ட்ரூ ஆக்கினால் நிமிர்ந்துவிடும். ஆனால் செட்ஸ்கேல்டுசைஸ் திருப்புவதற்கு முந்தைய அளவைத்தான் கேட்கிறது. நிமிர்த்த பிறகு வரப்போகும் அகல உயரத்தை அதில் கொடுத்தால் முகம் நசுங்கும்.

கேள்வி: 4000 × 3000 படத்தில் செட்பிக்சல் போட்டு லூப் ஓட்டினால் மிகவும் மெதுவாக இருக்கிறது.

1.2 கோடி பிக்சல், ஒவ்வொன்றுக்கும் ஒரு ஃபங்ஷன் அழைப்பு, ஒவ்வொரு அழைப்பிலும் எல்லை சரிபார்ப்பு, ஃபார்மட் சரிபார்ப்பு. மெதுவாகத்தான் இருக்கும். ஸ்கேன்லைன் மெத்தடில் ஒரு வரியின் பாயின்டரை வாங்கி, அந்த வரிக்குள் நேராக எழுதுங்கள். படிக்க மட்டும்தான் என்றால் கான்ஸ்ட்ஸ்கேன்லைன் வாங்குங்கள். இந்த வித்தியாசம் முக்கியம், ஏனென்றால் படம் வேறு வேரியபிளோடு பகிரப்பட்டிருந்தால், ஸ்கேன்லைன் முழுப் படத்தையும் அந்த இடத்திலேயே நகலெடுத்துவிடும்.

கேள்வி: புதிதாக ஒரு ஏஆர்ஜிபி32 (நிறத்தோடு ஒளிபுகும் அளவும் சேர்ந்த 32 பிட்) இமேஜ் உருவாக்கி அதில் வட்டம் வரைகிறேன். பின்னணியில் கோடு கோடாக ஏதோ தெரிகிறது.

அது மெமரியில் ஏற்கெனவே கிடந்த குப்பை. புதிய க்யூஇமேஜ் காலியாகப் பிறப்பதில்லை. வரையத் தொடங்கும் முன் ஃபில் மெத்தடில் டிரான்ஸ்பரன்ட் கொடுங்கள். ஃபார்மட்டையும் ஏஆர்ஜிபி32 ப்ரீமல்டிப்ளைடு என்று மாற்றிவிடுங்கள், பெயிண்டர் அதில்தான் வேகமாக வரையும். சேமிக்கும்போது பிஎன்ஜியாகச் சேமியுங்கள். ஜேபெக்கில் ஒளிபுகும் பின்னணிக்கு இடமே கிடையாது.