குரூப் போட்டோவுக்குத் தலைக்கு 250 ரூபாய்: நியாயமா, எப்படிக் குறைப்பது?

கேட்டிருப்பது இதுதான்: தண்டையார்பேட்டைப் பக்கம் ஒரு தனியார் பள்ளி, வீட்டில் இரண்டு பிள்ளைகள். குரூப் போட்டோவுக்குத் தலைக்கு 250 ரூபாய் கேட்கிறார்கள். அதுபோக ஐடி கார்டு, வேன், ஃபார்ம் என்று வருஷம் முழுக்க பாஸ்போர்ட் சைஸ் படம் வேறு. எங்கே குறைக்கலாம்?

அந்த 250 ரூபாயில் இரண்டு செலவு கலந்திருக்கிறது. படம் எடுக்கும் கூலி வகுப்புக்கு ஒரு முறைதான். பிரிண்டும் மவுண்டும் (படத்தைத் தாங்கும் அட்டை) பிள்ளைக்கு ஒன்று. ஸ்டுடியோ இரண்டையும் சேர்த்து ஒரே விலையாகச் சொல்லிவிடும், நாமும் வேண்டும், வேண்டாம் என்பதோடு நின்றுவிடுகிறோம். பிரித்துக் கேட்டால்தான் பேச இடம் கிடைக்கும்.

ஒரு மாதிரிக் கணக்கு போடுவோம். இதில் உள்ளவை கைக்கணக்குத் தொகைகள். உங்கள் ஏரியாவில் படம் பிரிண்ட் போடும் லேபில் விசாரித்து மாற்றிக்கொள்ளுங்கள். வகுப்பில் 45 பேர். 8×12 அங்குல பிரிண்ட் 60 ரூபாய், பள்ளிப் பெயர் அச்சடித்த மவுண்ட் 40 ரூபாய், ஆக ஒரு பிரதிக்கு 100. படமெடுப்பவரின் அரைநாள் கூலியில் இந்த வகுப்பின் பங்கு 1,000. கண் மூடியவர்களைச் சரிசெய்து பெயர் டைப் அடிக்க 500. பள்ளிக்கும் டீச்சர்களுக்கும் ‘இலவசமாக’ப் போகும் பிரதிகளுக்கும், ஆபீஸ் சுவரில் மாட்டும் பெரிய பிரேமுக்கும் 800. இந்த மூன்றும் சேர்ந்து 2,300. இலவசம் என்று பெயர், அதையும் பெற்றோர்தான் கட்டுகிறார்கள். 45 பேரும் வாங்கினால் தலைக்கு ஏறக்குறைய 151 ரூபாய் அடக்கம். 25 பேர் மட்டும் வாங்கினால் அதே படம் 192 ஆகிவிடும். எல்லாரும் கட்டாயம் வாங்க வேண்டும் என்று ஸ்டுடியோ நிற்பதற்குக் காரணம் இதுதான். அது பேராசை மட்டும் இல்லை.

இந்தக் கணக்கிலேயே வழியும் இருக்கிறது. 2,300ஐ 45ஆல் வகுத்தால் 51. பிரிண்ட் வேண்டாம் என்கிற குடும்பம் ஐம்பது, அறுபது ரூபாய் கொடுத்து சாஃப்ட் காப்பி மட்டும் வாங்கிக்கொண்டால் ஸ்டுடியோவுக்கு நஷ்டமில்லை, கூலிப் பங்கு வந்துவிடுகிறது. இதைப் பள்ளி கொட்டேஷன் வாங்கும்போதே, டிசம்பர் கடைசியிலோ ஜனவரி தொடக்கத்திலோ, பெற்றோர் கூட்டத்தில் சொல்லிவிட வேண்டும். பிப்ரவரியில் டைரியில் சீட்டு ஒட்டி வந்த பிறகு கேட்டால் பதில் வராது. கிளாஸ் டீச்சரிடம் சண்டைக்குப் போகாதீர்கள், விலையில் அவருக்குப் பங்கில்லை. “மிஸ், சைஸ் என்ன, மவுண்ட் உண்டா, சாஃப்ட் காப்பி வருமா?” என்று மூன்று கேள்வியைக் கேளுங்கள், போதும்.

“சாஃப்ட் காப்பி தர மாட்டோம், காப்பிரைட் எங்களுடையது” என்று ஸ்டுடியோ சொல்லலாம். 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவுப்படி, ஒருவர் கேட்டுக்கொண்டு, பணம் கொடுத்து எடுக்கப்படும் புகைப்படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லையென்றால், எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர். ஆனால் உரிமை இருப்பது வேறு, ஃபைல் கைக்கு வருவது வேறு. ஆகவே ‘ஒரிஜினல் சைஸ் ஃபைல் உட்பட’ என்று கொட்டேஷனிலேயே எழுதி வாங்குவது நல்லது.

ஃபைல் வரும் விதமும் முக்கியம். 24 மெகாபிக்சல் கேமராவில் எடுத்த படம் 6000 பிக்சல் அகலம். அதை வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் சுமார் 1600க்குச் சுருங்கிவிடும். போன் திரையில் பளிச்சென்று இருக்கும். 8×12 போட்டுப் பார்த்தால் முகம் மாவாகக் கரைந்திருக்கும். டாக்குமெண்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள், அல்லது கூகுள் டிரைவ் லிங்க் கேளுங்கள்.

சைஸைப் பற்றி ஒரு விஷயம், இதற்குக் காசே ஆகாது. 45 பிள்ளைகளையும் இரண்டு டீச்சர்களையும் மூன்று வரிசையில் நிறுத்தினால் வரிசைக்கு 16 பேர். 12 அங்குலத் தாளில் ஓரம் போக 11 அங்குலம் என்று வைத்தால் ஒருவருக்குக் கிடைக்கும் அகலம் 17 மில்லிமீட்டர், முகம் சுமார் 8. அதையே நான்கு வரிசையாக்கினால் (தரையில் ஒன்று, நாற்காலியில் ஒன்று, நின்று ஒன்று, பெஞ்ச் மேல் ஏறி ஒன்று) வரிசைக்கு 12 பேர், முகம் 11 மில்லிமீட்டர். பெரிய சைஸுக்குக் கூடுதல் காசு கொடுப்பதை விட வகுப்பறையிலிருந்து நாலு பெஞ்சை வெளியே இழுத்துப் போடுவது மேல். மூன்று வரிசைப் படத்தைச் சிக்கனம் என்று 6×8இல் போட்டால் முகம் சட்டைப் பொத்தானை விடச் சின்னதாகிவிடும். அந்த மிச்சம் வீண்.

கண் மூடுவதற்கும் ஒரு கணக்கு உண்டு. 2006இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் இருவர் இதற்கு இக்நோபல் பரிசே (சிரிக்கவும் சிந்திக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்குத் தருவது) வாங்கினார்கள். இருபது பேருக்குள் இருக்கும் கூட்டத்தில், நல்ல வெளிச்சத்தில், ஆட்களை மூன்றால் வகுத்தால் வரும் அளவுக்குப் படம் எடுக்க வேண்டும். ஐம்பது பேர் என்றால் எல்லாக் கண்ணும் திறந்த ஒரே படம் கிடைப்பது ஏறக்குறைய நடக்காத காரியம். அதனால்தான் பத்துப் பதினைந்து படம் எடுத்து, வேறொரு படத்திலிருந்து முகத்தை வெட்டி ஒட்டுகிறார்கள். எடிட்டிங் காசு அதற்குத்தான், அதில் பேரம் பேசாதீர்கள். அன்று லீவு போட்ட பிள்ளையின் படத்தை மூலையில் வட்டமாக ஒட்டுவதற்குத் தனிக் காசு கேட்டால் பேசலாம்.

பிரிண்டுக்கு முன் புரூஃப், அதாவது சரிபார்க்க ஒரு மாதிரி, கேளுங்கள். “நிற்பவர்கள், இடமிருந்து வலம்” என்று கீழே வரும் பெயர்ப்பட்டியலில்தான் வம்பு. போட்டோஷாப்பில் இந்திய மொழிகளுக்கான அமைப்பைப் போடாமல் யூனிகோட் தமிழை ஒட்டினால் கொம்பும் காலும் இடம் மாறும். ‘கோபிகா’ என்ற பெயரில் இரட்டைக்கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். இனிஷியலும் மாறும். அச்சான பிறகு கண்டுபிடித்தால் 45 பிரதியும் மறுபடி, அந்தக் காசு யார் தலையில் என்று தகராறு.

இனி பாஸ்போர்ட் சைஸ். வருஷம் மூன்று, நான்கு தடவை ஸ்டுடியோவுக்கு ஓட வேண்டியதில்லை. அளவு 35×45 மில்லிமீட்டர், அதாவது 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) 413×531 பிக்சல். 4×6 அங்குல பிரிண்ட் 1800×1200 பிக்சல். குறுக்கே நான்கு வீதம் இரண்டு வரிசை என எட்டுப் படம் அதில் அடங்கும். இப்படி அடுக்கி ஒரே ஃபைலாக லேபில் கொடுத்தால், அவர்களுக்கு அது சாதாரண 4×6 பிரிண்ட், அந்த விலைதான். ஓரத்தில் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் வெட்டுப்படும், எட்டையும் நடுவில் வையுங்கள். “ஆட்டோ கரெக்‌ஷன் வேண்டாம், பெரிசு பண்ண வேண்டாம்” என்று சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் 35 மில்லிமீட்டர் 37 ஆகி, ஃபார்மில் உள்ள கட்டத்துக்குள் உட்காராது. பளபளப்பில்லாத மேட் தாளாகக் கேளுங்கள். கிளாஸியில் ஸ்கூல் சீல் மை காயாமல் இழுபடும்.

வீட்டில் எடுக்கும்போது பிள்ளை சுவரிலிருந்து இரண்டு மூன்று அடி தள்ளி, வாசல் வெளிச்சத்தைப் பார்த்து நிற்கட்டும். சுவரில் நிழல் விழாது. போனைக் கண் உயரத்தில் பிடித்து, ஐந்தடி தள்ளி நின்று, இரண்டு மடங்கு ஜூம் வையுங்கள். கிட்டப் போய் எடுத்தால் மூக்கு பெரிதாகிவிடும். யூனிஃபார்ம் வெள்ளைச் சட்டை என்றால் வெளிர்நீலப் பின்னணி நல்லது, வெள்ளைச் சுவரில் தோள் கரைந்துபோகும்; ஃபார்மிலேயே வெள்ளை என்று கேட்டிருந்தால் வேறு வழியில்லை. மே மாதம் திருப்பதியிலோ திருத்தணியிலோ மொட்டை போடும் வேண்டுதல் இருந்தால் அதற்கு முன்னாலேயே எடுத்து வையுங்கள். இல்லையென்றால் ஐடி கார்டில் வருஷம் முழுக்க மொட்டைதான்.

பில் பற்றி ஒன்று. ‘ஜிஎஸ்டி தனி’ என்றால் பில்லில் 15 எழுத்து, எண் கொண்ட பதிவு எண் இருக்கிறதா பாருங்கள். தமிழ்நாட்டுப் பதிவு 33 என்று தொடங்கும். சேவைத் தொழிலில் ஆண்டு வரவு 20 லட்சத்துக்குள் இருப்பவர் பொதுவாகப் பதிய வேண்டியதில்லை, பதியாதவர் வரி வசூலிக்கவும் கூடாது.

யூ.கே.ஜி கிராஜுவேஷன் கவுன் போட்டோ பேக்கேஜுக்கு நான் காசு கொடுக்கச் சொல்ல மாட்டேன். கவுன் வாடகை கட்டியாயிற்று, விழா முடிந்ததும் அதே கவுனில் வராந்தாவில் நிறுத்தி உங்கள் போனில் எடுங்கள்.

வந்த படத்தைப் பத்திரப்படுத்துவதில்தான் நம் பக்கம் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். காசிமேடு, ராயபுரம், திருவொற்றியூர் கடல்காற்றில் ஈரம் அதிகம். கண்ணாடியை ஒட்டி வைத்த பிரிண்ட் ஒன்றிரண்டு மழைக்காலத்தில் கண்ணாடியோடு பிடித்துக்கொள்ளும், பிரித்தால் முகத்தின் மேல் படலம் உரிந்து வரும். படத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவே ஜன்னல்போல் வெட்டிய மவுண்ட் அட்டை இருந்தால் அந்த இடைவெளி காப்பாற்றும். அட்டையை பாரிமுனை ஆண்டர்சன் தெருக் காகிதக் கடைகளில் ஷீட்டாக வாங்கலாம். லேமினேஷன் வேண்டாம், ஓரத்தில் தண்ணீர் இறங்கினால் தாள் இரண்டாகப் பிளக்கும், திரும்பப் பிரிக்கவும் முடியாது. இன்க்ஜெட் பிரிண்டா லேப் பிரிண்டா என்று தெரிய, வெட்டி எறியப்போகும் ஓரத்தில் ஈரவிரலால் தேயுங்கள். சாயம் விரலில் வந்தால் இன்க்ஜெட். லேப் விலைக்கு அதை வாங்காதீர்கள்.