வலிக்கலன்னு எழுதியிருக்கீங்களே, அதுதான் எனக்கு பயமா இருக்கு

மா, உங்க வீட்டுக்காரரோட சீனி வியாதிய பத்தி நீங்க எழுதுன கடிதத்துல ஏழாவதா போற போக்குல ஒரு வரி இருக்கு. "இடது கால் பெருவிரலுக்கு கீழ கருப்பா கொப்புளம் மாதிரி ஒண்ணு, ஒம்பது நாளா இருக்கு டாக்டர், ஆனா வலிக்கலங்கறாரு, அதனால பரவால்ல." முடி கொட்டுறது, நாக்கு வெள்ளையா இருக்கறது, ஸ்டெம் செல் ஊசிக்கு 38,000 வெள்ளி (ரிங்கிட்) கட்டலாமாங்கறது எல்லாத்தையும் தாண்டி நான் அந்த வரியிலதான் நின்னுட்டேன். இத படிக்கறத இங்கயே நிறுத்திட்டு அவர உக்கார வச்சு சாக்ஸ கழட்டி நல்ல வெளிச்சத்துல ரெண்டு காலையும் பாருங்க, விரல் இடுக்கு, குதிகால், அடிப்பாதம் எதையும் விடாதீங்க. நாத்தம் வருதா, சுத்தி செவந்து மேல ஏறுதா, தொட்டா சூடா இருக்கா, காய்ச்சலோ குளிரோ இருக்கா? ஒண்ணு இருந்தாலும் விடியட்டும்னு காத்திருக்காதீங்க, இன்னைக்கு ராத்திரியே எமர்ஜென்சிக்கு கூட்டிட்டு போயிடுங்க. எதுவும் இல்லன்னா நாளைக்கு காலையில மொத வேலையா கிளினிக் கெசிஹாத்தானுக்கு, அதான் கவர்மெண்ட் கிளினிக்குக்கு, போயிடுங்க.

ஏன் இவ்வளவு அவசரப்படுத்துறேன்னா, பதினாலு வருஷமா இனிப்புநீர், அதான் சர்க்கரை வியாதி, இருக்கற ஒருத்தருக்கு கால்ல புண்ணு வந்து வலிக்கலன்னா புண்ணு சின்னதுன்னு அர்த்தமில்லமா, நரம்பு செத்துக்கிட்டு இருக்குன்னு அர்த்தம். உடம்புலயே நீளமான நரம்பு பாதத்துக்கு போறதுதான், சீனி ஏறுனா அதுதான் மொதல்ல கெடும். சிலிப்பர் கழண்டு விழுந்தது தெரியாம பத்தடி நடந்து வந்தாருன்னு எழுதியிருக்கீங்களே, அதே நரம்புதான். வலி தெரிஞ்சா மனுஷன் நொண்டுவான், கால ஊணாம இருப்பான், புண்ணு ஆற வழி இருக்கும். வலி தெரியாதவரு அந்த புண்ணு மேலயே நாள் பூரா மிதிச்சு நடக்கறாரு, உள்ள அது ஆழமா போய் எலும்ப தொடற வரைக்கும் வெளிய ஒரு கருப்பு பொட்டுதான் தெரியும்.

இங்க பேராக், சுங்கை சிப்புட்ல என் கிளினிக்குக்கு செம்பனை குலை வெட்டுற ஒருத்தரு வந்தாரு, இருமலுக்கு மருந்து வாங்க. கூட வந்த வீட்டுக்காரம்மா, அவரு புட்ஸ்லேருந்து ஒரு மாதிரி வாடை வருது டாக்டர்னு மெதுவா சொன்னாங்க. கழட்ட சொன்னேன். சாக்ஸ் அடிப்பாதத்தோட ஒட்டிக்கிட்டு வரல, உப்பு தண்ணி ஊத்தி ஊத்தி எடுத்தோம், உள்ள செம்பனை முள்ளு ஒண்ணு என் சுண்டுவிரல் நீளத்துக்கு ஏறி முறிஞ்சு இருக்கு. எத்தனை நாளான்னு கேட்டா அவருக்கு தெரியல. அன்னைக்கே ஈப்போ ஆஸ்பத்திரிக்கு அனுப்புனேன், ரெண்டு விரலோட போச்சு, கால் தப்பிச்சது. உங்க வீட்டுக்காரரும் தோட்டத்துலதான் வேலை செய்யறாரு, அதனால சொல்றேன், புட்ஸ தலைகீழா தட்டி உள்ள கைய விட்டு தடவி பார்க்காம கால விடக்கூடாது, ஈர சாக்ஸோட நாள் பூரா நிக்கக்கூடாது. சுடுதண்ணியில கால ஊற வைக்காதீங்க, அவருக்கு சூடும் தெரியாது, வெந்துரும். மஞ்சள், வெத்தலை, தைலம் எதுவும் அந்த புண்ணுல வைக்காதீங்க.

இப்ப ஸ்டெம் செல், அதான் வேற வேற செல்லா மாறக்கூடிய மூல செல், அந்த விஷயத்துக்கு வரேன். ஸ்டெம் செல்லுன்னு சாஷே பாக்கெட் விக்கறவங்க பேச்ச கேட்டு ஆறு வாரமா சீனி மாத்திரை மெட்ஃபார்மின நிறுத்திட்டாரு, இப்ப ரத்தத்துல சீனி ரீடிங் 17.8 mmol/L காட்டுதுன்னு எழுதியிருக்கீங்க. இத படிச்சப்ப எனக்கு வந்த கோவம் உங்க மேல இல்ல. ஆப்பிள், திராட்சை ஸ்டெம் செல்லுன்னு பாக்கெட்ல வர்றத கரைச்சு குடிச்சா வயிறு அத செரிச்சுரும், எந்த காலத்துலயும் அது மனுஷனோட கணையமா மாறாது. அதுல செலவழிச்ச காசு போனா போகட்டும், ஆறு வாரம் மருந்தில்லாம அந்த காலுக்கு நடந்தது என்னன்னுதான் இப்ப பாக்கணும். மெட்ஃபார்மின் கிட்னிய கெடுக்கும்னு வாட்சாப்ல வந்தத நம்பாதீங்க, கிட்னிய கெடுக்கறது அடங்காத சீனி, கிட்னி ஏற்கனவே குறைஞ்சு போனவங்களுக்கு டாக்டரே டோஸ குறைப்பாரு இல்ல நிறுத்துவாரு, அதுக்குத்தான் ரத்தம் எடுத்து பாக்கறது.

அமெரிக்காவுல கவர்மெண்டே கோடி கோடியா கொடுத்துருச்சு, வைத்தியம் ரெடி, நம்மள மாதிரி ஏழைங்களுக்குத்தான் வரலன்னு உங்க மகன் வீடியோ காட்டுனான்னு சொல்றீங்க. காசு கொடுத்தது உண்மைதான். 1998-ல ஜேம்ஸ் தாம்சன்ங்கறவரு மனுஷ கருவுலேருந்து ஸ்டெம் செல்ல பிரிச்சு வளர்த்தாரு, கருங்கறதால அங்க பெரிய சண்டை, 2001-ல அதிபர் புஷ் அரசாங்க காச ஏற்கனவே இருக்கற செல்லுக்கு மட்டும்னு கட்டுப்படுத்துனாரு, 2009-ல ஒபாமா அத தளர்த்துனாரு. நடுவுல 2004-ல கலிஃபோர்னியா ஜனங்க ஓட்டு போட்டு 300 கோடி டாலர் ஒதுக்குனாங்க, 2020-ல இன்னொரு 550 கோடி. அந்த 2004 ஓட்டுக்கு முன்னால நின்ன ராபர்ட் க்ளைனோட மகனுக்கு டைப் 1 இனிப்புநீர், ஸ்டெம் செல்லுலேருந்து இன்சுலின் சுரக்கற செல்ல ஆய்வுக்கூடத்துல உண்டாக்குன ஹார்வர்ட் டக்ளஸ் மெல்டனுக்கு மகன், மகள் ரெண்டு பேருக்குமே அதே வியாதி. உங்கள மாதிரியே வீட்டுல ஒரு ஆள் கஷ்டப்படறத பாத்து ஓடுனவங்கதான். ஓடி ஓடி 2025-ல வந்து நின்னது எங்க தெரியுமா, அந்த மாதிரி செல்ல முழு டோஸ் போட்ட 12 பேர்ல 10 பேரு ஒரு வருஷம் கழிச்சு இன்சுலின் ஊசி இல்லாம இருக்காங்க. எனக்கு அத படிச்சப்ப கண்ணு கலங்கிருச்சு, பொய் இல்ல. ஆனா அது டைப் 1, சுரக்கற செல்லே அழிஞ்சு போனவங்களுக்கு, அதுவும் எதிர்ப்பு சக்திய அடக்கற மருந்த விடாம சாப்பிடணும். உங்க வீட்டுக்காரருக்கு இருக்கறது டைப் 2, இன்சுலின் சுரந்தும் உடம்பு கேக்க மாட்டேங்குது, அந்த கதை வேற.

கவர்மெண்ட் ஆராய்ச்சிக்கு காசு போடுதுன்னா இன்னும் தேடிக்கிட்டு இருக்காங்கன்னுதான் அர்த்தம், இத மகன்கிட்ட சொல்லுங்க. ஒழுங்கான ஆராய்ச்சியில சேர்ற நோயாளிகிட்ட ஊசிக்கு காசு வாங்க மாட்டாங்க. 38,000 கேக்கறவங்க செய்யறது ஆராய்ச்சி இல்ல. நம்ம மலேசியாவுலயும் ஸ்டெம் செல் வைத்தியம் இருக்கு, 1987-லயே இங்க ஸ்டெம் செல் இருக்கற எலும்பு மஜ்ஜைய மாத்துனாங்க, ரத்தப் புற்றுநோய், தலசீமியா புள்ளைங்க அதனால பொழைச்சிருக்காங்க, அது ரத்த வியாதிக்கு. கண்ணு மங்கலும் இந்த ஊசியில தெளிஞ்சுரும்னு அந்த ஆளு சொன்னாராமே. ஃப்ளோரிடாவுல ஒரு கிளினிக்ல ஆளுக்கு 5,000 டாலர் கட்டி, வயித்து கொழுப்புலேருந்து எடுத்த செல்ல ரெண்டு கண்ணுலயும் போட்டுக்கிட்ட மூணு பெண்களுக்கு பார்வை போச்சு, 2017-ல மருத்துவ இதழ்லயே வந்தது.

உங்க மாமியாருக்கு முட்டிக்கு கீழ கால எடுத்தாங்க, இவருக்கும் அப்படி ஆயிரும், நம்மகிட்ட காசில்லாததால தடுக்க முடியாம போயிருமோன்னு கடைசியில எழுதியிருக்கீங்க. நீங்க எழுதுனதே அதுக்குத்தான்னு எனக்கு தெரியுது. அந்த கால காப்பாத்தற வைத்தியம் நீங்க பஸ்ல போற தூரத்துல ஒரு வெள்ளிக்கு இருக்கு, மா. புண்ண சுத்தம் பண்ணுவாங்க, ரத்த ஓட்டம் பாப்பாங்க, தேவைன்னா எக்ஸ்ரே, ஆன்டிபயாட்டிக், அந்த இடத்துல பாரம் படாம இருக்க வழி செய்வாங்க, கொஞ்ச நாளைக்கு இன்சுலின் போட சொன்னாலும் சொல்லுவாங்க, சொன்னா மறுக்க விடாதீங்க. கண்ணையும் அங்கயே பாக்க சொல்லி கேளுங்க, ரெட்டினா போட்டோ எடுப்பாங்க.

ஐம்பது தாண்டிட்டாரு, ஈபிஎஃப் சேமநிதி காச எடுக்கலாம்னு ஃபாரம் வாங்கி வச்சிருக்கீங்களாமே, அத உள்ள வைங்க. முடி கொட்டுறதையும் நாக்கையும் விடுங்க, சீனி இறங்கட்டும் பாக்கலாம். ராத்திரி ஒண்ணுக்கு போக நாலு தடவை எழும்பறது இந்த 17.8-னாலதான் இருக்கும்.

நாளைக்கு கவுண்டர்ல கூட்டமா இருந்தா நம்பர் வரட்டும்னு உக்காராதீங்க, இனிப்புநீர், கால்ல கருப்பு புண்ணு, மருந்து ஆறு வாரமா இல்லன்னு அங்கயே சொல்லுங்க. பழைய மருந்து அட்டை, ரீடிங் எழுதுன நோட்டு, அந்த சாஷே பெட்டி மூணையும் பையில போட்டுக்குங்க, டாக்டர் பாக்கணும். அவரு வேலைக்கு போயிட்டு சாயங்காலம் போறேம்பாரு, விடாதீங்க, புட்ஸ எடுத்து ஒளிச்சு வச்சிருங்க.